எல் 1 முள்ளெலும்பு முறிவு: ஒரு மருத்துவர் அறுவைச் சிகிச்சை என்கிறார், இன்னொருவர் பிரேஸ் போதும் என்கிறார்

பிறைவாசி (பட்டர்வொர்த்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தம்பிக்கு 29 வயது. பிறையில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறான். சென்ற வாரம் கூரையை ஒட்டிச் செல்லும் குளிர்சாதனக் குழாயைப் பழுதுபார்த்துக் கொண்டிருந்தபோது ஏணி சரிந்து, ஏறத்தாழ 4 மீட்டர் உயரத்திலிருந்து கால்கள் ஊன்றியபடியே சிமெண்டுத் தரையில் விழுந்துவிட்டான். அரசு மருத்துவமனையில் சேர்த்துள்ளோம். சி.டி. ஸ்கேனில் எல் 1 எனப்படும் இடுப்புப் பகுதியின் முதல் முள்ளெலும்பு நொறுங்கியிருப்பதாகவும், அதன் ஒரு துண்டு பின்னோக்கித் தள்ளப்பட்டுத் தண்டுவடம் செல்லும் கால்வாயில் 40 விழுக்காட்டை அடைத்திருப்பதாகவும் சொன்னார்கள். வலது குதிகால் எலும்பும் முறிந்திருக்கிறது. இரண்டு கால்களையும் அசைக்கிறான், தொட்டால் உணர்கிறான்.

வார்டில் பார்க்கும் மருத்துவர், எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகே முடிவு சொல்ல முடியும், பெரும்பாலும் பிரேஸ் எனப்படும் முதுகுத் தாங்கியை அணிந்தே குணமாகிவிடலாம் என்றார். அதற்குள் உறவினர் ஒருவர் ஸ்கேன் படங்களைப் பினாங்குத் தீவில் உள்ள ஒரு தனியார் சிறப்பு மருத்துவரிடம் காட்டினார். அவர் தாமதிக்காமல் திருகுகள் பொருத்தி எலும்பை நிலைப்படுத்துவதே நல்லது என்கிறார். அம்மாவோ முதுகில் கத்தி வைத்தால் கால் விளங்காமல் போய்விடும் என்று அழுகிறார். மாமா ஒருவர், முதலில் உருவிவிடும் சீன மரபு வைத்தியரான சின்சேயிடம் காட்டலாம் என்று விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

படித்த மருத்துவர்கள் இருவர் ஒரே படத்தைப் பார்த்து இப்படி வேறுபடுவது ஏன்? 40 விழுக்காடு அடைப்பை அப்படியே விட்டுவைப்பது ஆபத்தில்லையா? அறுவைச் சிகிச்சை செய்தால் கால் செயலிழக்கும் என்ற அச்சத்தில் எந்த அளவு உண்மை உள்ளது? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.


எலும்பியல் நேசன் (கோலாலம்பூர்) எழுதியது:

வணக்கம் சகோதரரே. முதுகெலும்புக் காயங்களைக் கவனிப்பதே என் அன்றாட வேலை. உங்கள் தம்பியை நேரில் பார்க்காமல் இதைச் செய்யுங்கள் என்று நான் சொல்ல முடியாது. ஆனால் அந்த இரண்டு மருத்துவர்களும் ஏன் வேறுபடுகிறார்கள் என்பதை விளக்க முடியும். நீங்கள் நினைக்கும் அளவுக்கு அவர்கள் வேறுபடவும் இல்லை.

முதுகெலும்பு முறிவில் எலும்பு எவ்வளவு நொறுங்கியிருக்கிறது என்பதைக் காட்டிலும் முதலில் கேட்க வேண்டியது நரம்பு எப்படி இருக்கிறது என்பதே. பெரியவர்களுக்குத் தண்டுவடம் பொதுவாக எல் 1, எல் 2 முள்ளெலும்புகளின் அளவில் முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே குதிரை வாலைப் போல் நரம்புகள் கற்றையாகத் தொங்குகின்றன. ஆகவே எல் 1 முறிவில் தண்டுவடத்தின் நுனியும் அடிபடலாம், அந்த நரம்புக் கற்றையும் அடிபடலாம். கால்கள் நன்றாக அசையும்போதே சிறுநீர்ப்பையையும் மலவாயையும் கட்டுப்படுத்தும் நரம்புகள் மட்டும் பாதிக்கப்பட்டிருக்க வாய்ப்புண்டு. அதனால்தான் மருத்துவர்கள் ஆசனவாயைச் சுற்றிய தோலின் உணர்வையும், விரலை விட்டு அங்குள்ள தசையின் இறுக்கத்தையும் சோதிப்பார்கள். குடும்பத்தார் சங்கடப்படும் சோதனைதான் இது, ஆனாலும் தவிர்க்கக் கூடாதது. தம்பிக்குச் சிறுநீர் தானாக வருகிறதா, கழித்த பிறகு பையில் மிச்சம் தங்குகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது, முதுகின் பின்புறத்தில் முள்ளெலும்புகளை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருக்கும் இணைப்புநார்கள். பந்தலின் முன்கால் ஒன்று முறிந்தாலும், பின்னால் இழுத்துக் கட்டிய கயிறு அறாமல் இருந்தால் பந்தல் உடனே சாய்ந்துவிடுவதில்லை. முள்ளெலும்பின் உடற்பகுதி நொறுங்கியும் பின்புற நார்கள் முழுமையாக இருந்தால், உடலின் எடையைத் தாங்கிக்கொண்டே எலும்பு கூடிவிடும். நார்கள் கிழிந்திருந்தால் அவை நம்பிக்கையாக ஆறுவதில்லை. ஆள் எழுந்து உட்கார்ந்தவுடன் அந்த இடம் முன்னோக்கி மடங்கிக் கூன் விழத் தொடங்கும். இந்த நார்களைச் சி.டி. ஸ்கேன் நேரடியாகக் காட்டாது. முதுகின் நடுவில் கைக்குத் தட்டுப்படும் முட்களின் இடைவெளி அகன்றிருக்கிறதா என்று பார்த்து ஊகிக்கத்தான் முடியும். எம்.ஆர்.ஐ.யில் ஓரளவு தெளிவாகத் தெரியும். வார்டு மருத்துவர் காத்திருக்கச் சொன்னது இதற்காகத்தான்.

முறிவின் வடிவம், நரம்பின் நிலை, பின்புற நார்களின் நிலை ஆகிய மூன்றுக்கும் புள்ளிகள் கொடுத்துக் கூட்டும் முறை ஒன்று 2005-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டு, இன்றுவரை பயன்பாட்டில் உள்ளது. உங்கள் தம்பியின் நொறுங்கு முறிவுக்கு 2 புள்ளிகள். நரம்பு பாதிக்கப்படவில்லை என்றால் அதற்கு 0. நார்கள் முழுமையாக இருந்தால் 0, ஐயத்துக்கிடமாக இருந்தால் 2, கிழிந்தது உறுதியானால் 3. கூட்டுத்தொகை 3 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் அறுவைச் சிகிச்சை தேவையில்லை என்றும், 5 அல்லது அதற்கு மேல் இருந்தால் தேவை என்றும், 4 வந்தால் மருத்துவரும் நோயாளியும் கலந்து முடிவெடுக்கலாம் என்றும் அந்த முறை சொல்கிறது. ஆக, தம்பியின் எண் 2, 4, 5 ஆகிய மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். அதைத் தீர்மானிப்பது இன்னும் எடுக்கப்படாத எம்.ஆர்.ஐ. ஒருவர் 2 என்று எதிர்பார்க்கிறார், மற்றவர் 4 அல்லது 5 என்று எதிர்பார்க்கிறார். அவ்வளவுதான் வேறுபாடு.

நரம்பு பாதிக்கப்படாத நொறுங்கு முறிவைப் பற்றி மருத்துவ உலகமே இரு கூறாக நிற்கிறது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் 47 பேரைத் தொடர்ந்து கண்காணித்து 2003-இல் வெளியான ஆய்வில், அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் பிரேஸ் அல்லது மாவுக்கட்டுடன் இருந்தவர்களுக்கும் நீண்டகால நோக்கில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அதே நோயாளிகளைச் சுமார் 16 முதல் 22 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அறுவை செய்துகொள்ளாதவர்களுக்கே வலி குறைவாக இருந்தது. ஆனால் 2006-இல் நெதர்லாந்திலிருந்து வந்த ஆய்வு இதற்கு நேர்மாறானது. திருகு பொருத்திக்கொண்டவர்களே நன்றாக இருந்தார்கள், அதிகம் பேர் வேலைக்கும் திரும்பினார்கள். இரண்டுமே சிறிய ஆய்வுகள். இவற்றில் ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு எந்த மருத்துவராவது இதுதான் முடிந்த முடிவு என்றால், அவரை நான் முழுமையாக நம்பமாட்டேன்.

இனி 40 விழுக்காடு அடைப்பு. கேட்க அச்சமூட்டும் எண்தான். ஆனால் அடைப்பின் அளவும் நரம்புச் சேதத்தின் அளவும் கைகோத்துச் செல்வதில்லை. எலும்புத் துண்டு நரம்பைத் தாக்குவது பெரும்பாலும் விழுந்த அந்தக் கணத்தில்தான். ஸ்கேனில் நாம் பார்ப்பது, துண்டு ஓரளவு பின்வாங்கி நின்றுவிட்ட இடத்தை. மேலும், கால்வாய்க்குள் தள்ளப்பட்ட எலும்பை உடல் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடுகிறது. இது அறுவை செய்துகொள்ளாதவர்களிடமும் காணப்படும் உண்மை. நரம்பு நன்றாக வேலை செய்யும் ஒருவருக்கு, படத்தை அழகாக்குவதற்காக அந்தத் துண்டை எடுக்கப் போவதில் பொருளில்லை. நரம்பு பாதிக்கப்பட்டிருந்தால் கதையே வேறு. அப்போது அழுத்தத்தை நீக்குவதுதான் அறுவையின் முதல் நோக்கம்.

அம்மாவின் அச்சத்துக்கு வருகிறேன். திருகுகள் முள்ளெலும்பின் பின்புறத்தை முன்புறத்தோடு இணைக்கும் இரு குறுகிய எலும்புத் தூண்களின் வழியாகச் செலுத்தப்படுகின்றன. அந்தத் தூணின் உட்சுவரை ஒட்டியே நரம்பு செல்வதால், திருகு வழிதவறினால் நரம்பைத் தொடும் வாய்ப்பு இருக்கத்தான் செய்கிறது. எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே திருகைச் செலுத்துவது அதனால்தான். பயிற்சி பெற்றவர் கையில் கால் செயலிழப்பது மிக அரிது. கிருமித்தொற்று, இரத்த இழப்பு, திருகு தளர்ந்துபோவது ஆகியவையே நடைமுறையில் அதிகம் எதிர்ப்படும் சிக்கல்கள். அறுவையால் கால் போய்விட்டது என்று ஊரில் பேசப்படும் பல கதைகளில், விழுந்தபோதே தண்டுவடம் சிதைந்துவிட்டவர்களைத்தான் அறுவை அறைக்குக் கொண்டுசென்றிருப்பார்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. காலில் புதிதாக மரத்துப்போதல், பலவீனம், சிறுநீர் அடைத்துக்கொள்வது அல்லது தானாகக் கசிவது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தோன்றினால் அடுத்த நாள் சுற்றுவரை காத்திருக்க வேண்டாம். உடனே தாதியிடம் சொல்லுங்கள். அந்நிலையில் முடிவு நாள் கணக்கில் அல்ல, மணிக் கணக்கில் எடுக்கப்பட வேண்டும்.


வார்டு அக்கா (ஜார்ஜ்டவுன்) எழுதியது:

டாக்டர் எழுதியதற்குப் பிறகு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான், ஆனால் குடும்பத்தார் கையில் இருப்பது அந்தக் கொஞ்சம்தான். எலும்பியல் வார்டில் பல ஆண்டுகள் தாதியாக இருந்தவள் நான்.

சின்சே விஷயத்தில் மாமாவிடம் மரியாதையாகவும் உறுதியாகவும் மறுத்துவிடுங்கள். சுளுக்குக்கு உருவிவிடுவதைப் பற்றி எனக்குக் கருத்தில்லை. முள்ளெலும்பு நொறுங்கி, பின்புற நார் கிழிந்ததா இல்லையா என்றே தெரியாத நிலையில் முதுகை அழுத்துவதும் முறுக்குவதும், அசையும் காலை அசையாத காலாக மாற்றிவிடக்கூடும். வார்டிலேயே தைலம் தடவிப் பிடித்துவிட முயன்ற உறவினர்களை நான் தடுத்திருக்கிறேன். அன்பினால் செய்வதுதான், ஆனாலும் செய்யக் கூடாது.

மருத்துவர் அனுமதிக்கும்வரை தம்பி தானாகப் புரளக் கூடாது. தலை, தோள், இடுப்பு மூன்றும் ஒரே கோட்டில் இருக்குமாறு மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரே நேரத்தில் திருப்புவார்கள். அதற்காகப் புரளாமலே விட்டுவிடவும் கூடாது. ஒரே பக்கமாகக் கிடந்தால் இடுப்பின் அடியிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் வந்துவிடும். ஏற்கெனவே முறிந்த குதிகாலில் தோல் வீங்கியிருக்கும் என்பதால் அதை இன்னும் கவனமாகப் பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்புவது வழக்கம். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சுத் திணறினாலோ தாமதமின்றிச் சொல்லுங்கள். அசையாமல் கிடப்பவர்களின் கால் இரத்தக்குழாயில் இரத்தம் உறைந்து, அது நுரையீரலுக்குச் செல்லும் ஆபத்து உண்டு. அதைத் தடுக்கத்தான் வயிற்றில் ஊசி போடுவார்கள். அறுவைக்கு முன் அதை எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

மலச்சிக்கலை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வலிமருந்தும் படுக்கையும் சேர்ந்தால் வயிறு உப்பி, அந்த வேதனை முதுகுவலியையும் மிஞ்சிவிடும். வீட்டிலிருந்து சோறும் கோழிக்குழம்பும் கொண்டுவருவதோடு பப்பாளியும் போதிய தண்ணீரும் கொடுங்கள். தாதியிடம் கேட்டால் மலமிளக்கியும் எழுதித்தருவார்கள்.


நரம்பறுவை மாணவன் (பினாங்கு) எழுதியது:

மூத்த மருத்துவர் கூறியவற்றை மறுக்கவில்லை. இரண்டு இடங்களில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு.

முதலாவது, பிரேஸ். நம் ஊரில் அறுவை இல்லையென்றால் பிரேஸ் கட்டாயம் என்பது எழுதப்படாத விதியாகிவிட்டது. கனடாவில் நடத்தப்பட்டு 2014-இல் வெளியான ஆய்வில், நரம்பு பாதிக்கப்படாத நிலையான நொறுங்கு முறிவு கொண்ட 96 பேரில் ஒரு பகுதியினருக்குப் பிரேஸ் கொடுத்தார்கள்; மற்றவர்களைப் பிரேஸ் இல்லாமலே, இடுப்பை அதிகம் வளைக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லி நடக்கவிட்டார்கள். மூன்று மாதங்களில் இரு தரப்பினரின் செயல்திறனும் சமமாகவே இருந்தது. ஆகவே நார்கள் முழுமையாக இருந்தால் பிரேஸ் ஒரு துணை, அவ்வளவே. பினாங்கின் வெக்கையில் நெஞ்சிலிருந்து இடுப்புவரை பிளாஸ்டிக் கூட்டுக்குள் வேர்த்துக் கிடப்பது எளிதன்று. பாதிப்பேர் வீட்டுக்குப் போனதும் கழற்றி வைத்துவிடுகிறார்கள் என்பது எல்லோரும் அறிந்த இரகசியம். நார்கள் கிழிந்திருந்தால் பிரேஸை நம்பியும் பயனில்லை.

இரண்டாவது, அந்தக் குதிகால் முறிவு. உயரத்திலிருந்து கால் ஊன்றி விழுபவர்களுக்குக் குதிகாலும் முதுகெலும்பும் சேர்ந்தே முறிவது நாங்கள் எப்போதும் தேடிப் பார்க்கும் இணை. ஒரு முள்ளெலும்பு முறிந்திருந்தால் தொலைவில் இன்னொன்றும் முறிந்திருக்கலாம் என்பதால், கழுத்து முதல் இடுப்புவரை முழு முதுகெலும்பும் படமெடுக்கப்பட்டதா என்று கேளுங்கள். ஆனால் நான் சொல்ல வருவது இதைவிட முக்கியமானது. அறுவை இல்லாத வழியில் செல்பவர்களை, வலி அடங்கியவுடன் எழுப்பி நிற்க வைத்து எக்ஸ்ரே எடுப்போம். படுத்திருக்கும்போது நேராகத் தெரியும் முதுகு, எடை ஏறியதும் மடங்குகிறதா என்று அதில்தான் தெரியும். மடங்கினால் முடிவை மாற்றிக்கொள்வோம். வலது காலை வாரக்கணக்கில் ஊன்ற முடியாத ஒருவரை எப்படி நிற்க வைப்பது? உட்கார வைத்து எடுக்கலாம். ஊன்றுகோலில் ஒற்றைக் காலில் நிற்க வைத்தும் எடுக்கலாம். ஆனால் ஊன்றுகோலால் தாவித் தாவி நடப்பவரின் முதுகில் விழும் சுமை வேறு. கூட்டுத்தொகை 4 வந்தால், இந்தக் குதிகாலே தராசை அறுவையின் பக்கம் சாய்க்கும் என்பது என் கருத்து. தனியார் மருத்துவர் அவசரப்பட்டதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். பணம்தான் காரணம் என்று உடனே எண்ணிவிட வேண்டாம்.


கிள்ளான் சாலைக்காரன் (கோலாலம்பூர்) எழுதியது:

நான் மருத்துவன் அல்லன், நோயாளி. வேலைக்குச் செல்லும் வழியில் மோட்டார்சைக்கிள் விபத்தில் கழுத்தின் ஐந்தாம், ஆறாம் முள்ளெலும்புகள் ஒன்றின்மேல் ஒன்று நழுவின. மருத்துவமனைக்குக் கொண்டுவந்தபோது கைகளைக் கொஞ்சம் மடக்க முடிந்தது. மார்புக்குக் கீழே உணர்வு மட்டும் மங்கலாக இருந்தது, அசைவு இல்லை. அன்று இரவே இழுவை கொடுத்து எலும்பை இடத்துக்குக் கொண்டுவந்து, கழுத்தின் முன்புறம் திறந்து தகடு பொருத்தினார்கள்.

எனக்கு அவ்வளவு அவசரமாக அறுவை செய்ததற்குக் காரணம் என்ன என்று பிறகு மருத்துவரிடம் கேட்டேன். கழுத்துத் தண்டுவடக் காயத்தில் 24 மணி நேரத்துக்குள் அழுத்தத்தை நீக்கியவர்களில் 19.8 விழுக்காட்டினரும், அதற்குப் பின் செய்தவர்களில் 8.8 விழுக்காட்டினரும் ஆறு மாதங்களில் நரம்பு அளவுகோலில் இரண்டு படிகளோ அதற்கு மேலோ முன்னேறினார்கள் என்ற 2012-ஆம் ஆண்டின் ஆய்வை அவர் சொன்னார். அந்த அளவுகோலுக்கு ஏ முதல் ஈ வரை ஐந்து படிகள். ஏ என்றால் கீழே எதுவுமே இல்லை, ஈ என்றால் இயல்பு நிலை. நான் பி-யில் சேர்ந்தவன். இப்போது சி-யில் இருக்கிறேன். கைகள் பெருமளவு திரும்பின. கால்கள் எழுந்து நிற்கும் அளவுக்குத் திரும்பவில்லை. அந்த விழுக்காடுகளைத் திருப்பிப் படித்தால், சீக்கிரம் செய்தவர்களிலும் ஐந்தில் நான்கு பேருக்கு அந்த அளவு முன்னேற்றம் இல்லை என்பதும் தெரியும். அறுவை எலும்பை நேராக்கி அழுத்தத்தை நீக்கியது. செத்த நரம்பை உயிர்ப்பிக்கவில்லை. இதை முன்கூட்டியே புரியும்படி யாராவது சொல்லியிருந்தால், என் மனைவி அறுவை அறை வாசலில் நின்று எதை எதிர்பார்ப்பது என்று தெரிந்து நின்றிருப்பார். ஆனால் அந்த அறுவை இல்லாவிட்டால் சீக்கிரமே உட்கார்ந்திருக்க முடியாது, பிசியோதெரபியும் தொடங்கியிருக்காது.

அண்ணன் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தம்பிக்கு நேர்ந்தது வேலையிடத்து விபத்து. சொக்சோவில், அதாவது பெர்கேசோ எனப்படும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில், 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வேலையிடக் காயத்துக்கான பாதுகாப்பு உண்டு. முதலாளி தமக்குத் தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் விபத்தைத் தெரிவிக்க வேண்டும். எம்.சி. எனப்படும் மருத்துவ விடுப்பு குறைந்தது நான்கு நாள் இருந்தால், வேலை செய்ய முடியாத காலத்துக்கு நாள்சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். நிறுவனம் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டதா என்பதை வாய்வார்த்தையாக அல்லாமல், நகலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மருத்துவமனைச் சீட்டுகள், எம்.சி., ஸ்கேன் அறிக்கைகள் எதையும் தூக்கிப்போட வேண்டாம். நீண்ட மறுவாழ்வுப் பயிற்சி தேவைப்படுபவர்களை மலாக்காவில் உள்ள பெர்கேசோ மையத்துக்கு அனுப்புவதுண்டு; கோலாலம்பூரில் செராஸ் மறுவாழ்வு மருத்துவமனையும் இருக்கிறது. தம்பிக்கு அந்த அளவுக்குத் தேவைப்படாது என்றே வேண்டுகிறேன்.


பிறைவாசி (பட்டர்வொர்த்) எழுதியது:

அனைவருக்கும் நன்றி. எம்.ஆர்.ஐ. எடுத்தாயிற்று. முட்களுக்கு இடையிலுள்ள நாரும் அதன்மேல் ஓடும் நாரும் கிழிந்துள்ளன, தண்டுவட நுனியில் வீக்கம் இல்லை என்று அறிக்கை வந்திருக்கிறது. வார்டு மருத்துவரே இப்போது அறுவைதான் சரி என்கிறார். அடுத்த அறுவைப் பட்டியலில் பெயர் சேர்த்திருக்கிறார். சிறுநீர், உணர்வு எல்லாம் சரியாக உள்ளன. முழு முதுகெலும்பையும் படமெடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். டாக்டர் எழுதிய புள்ளிக்கணக்கை மலாய்ப் பள்ளியில் படிக்கும் என் மகள் அம்மாவுக்குத் தாளில் எழுதிக் காட்டினாள், தம்பி கையெழுத்திட அம்மாவும் சம்மதித்துவிட்டார்.

இன்னும் சில கேள்விகள். திருகுகளையும் கம்பிகளையும் நாங்களே வாங்க வேண்டியிருக்கலாம் என்றார்கள், இது வழக்கமா? சிறு துளைகள் வழியாகச் செய்வது, முதுகைத் திறந்து செய்வது என இரண்டு வழிகள் உண்டாமே, எது நல்லது? உலோகம் வாழ்நாள் முழுதும் உடலில் இருக்குமா? ஒரு நண்பர், ஸ்டீராய்டு ஊசி போடச் சொல்லுங்கள், நரம்பு காப்பாற்றப்படும் என்கிறார். கேட்கலாமா?


எலும்பியல் நேசன் (கோலாலம்பூர்) எழுதியது:

2, 0, 3 எனக் கூட்டினால் 5. முடிவில் இனிக் குழப்பமில்லை.

ஸ்டீராய்டைக் கேட்க வேண்டாம். தண்டுவடக் காயத்துக்கு அதிக அளவில் மெத்தில்பிரெட்னிசலோன் கொடுக்கும் வழக்கம் 1990-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வுக்குப் பிறகு உலகெங்கும் பரவியது. கிருமித்தொற்று, குடல் இரத்தக்கசிவு போன்ற தீங்குகளை எடைபோட்டு, 2013-இல் அமெரிக்க நரம்பறுவை அமைப்புகளின் வழிகாட்டுதல் அதைப் பரிந்துரைக்கவில்லை. கழுத்துக் காயங்களில் முதல் எட்டு மணி நேரத்துக்குள் கொடுக்கலாமா என்று இன்னும் வாதிடுபவர்கள் உண்டு. நரம்பே பாதிக்கப்படாத, எட்டு மணி நேரமும் எப்போதோ கடந்துவிட்ட உங்கள் தம்பிக்கு அந்த வாதத்தில் இடமே இல்லை.

அரசு மருத்துவமனையில் படுக்கைக்கும் அறுவைக்கும் கட்டணம் மிகக் குறைவு. ஆனால் உடலில் பொருத்தும் உலோகப் பொருள்களை நோயாளியே வாங்குவது பல இடங்களில் நடப்பதுதான். வாங்குவதற்கு முன் இரண்டு கதவுகளைத் தட்டுங்கள். வேலையிட விபத்து என்பதால் பெர்கேசோ அலுவலகத்தில் இந்தச் செலவைக் கேளுங்கள். மருத்துவமனையின் சமூகப்பணிப் பிரிவுக்கு எழுதித்தரும்படி வார்டு மருத்துவரிடமும் கேளுங்கள். விலைப்பட்டியலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். டைட்டேனியம் என்றால் பிற்காலத்தில் எம்.ஆர்.ஐ. எடுக்கத் தடையில்லை, உலோகத்தைச் சுற்றிப் படம் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான்.

துளைவழியா, திறந்தா என்பதில் எனக்குத் தனிப்பட்ட சாய்வு உண்டு. நரம்பின்மீது அழுத்தத்தை நீக்க வேண்டிய தேவை இல்லாத இவரைப் போன்றவர்களுக்குத் தோலில் சிறு கீறல்கள் வழியாகத் திருகு வைப்பதில் தசை அதிகம் சிதையாது, இரத்தமும் குறைவாகவே போகும். ஆனால் அதற்கான கருவிகள் விலை கூடியவை; எக்ஸ்ரே கதிரும் அதிகம் பயன்படும். உங்கள் மருத்துவர் எந்த முறையில் கை தேர்ந்தவரோ அந்த முறையில் செய்துகொள்வது, அவருக்குப் பழக்கமில்லாத நவீன முறையைக் கேட்டு வாங்குவதைவிட நல்லது.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று: எத்தனை முள்ளெலும்புகளைப் பிணைக்கப் போகிறார்கள்? முறிந்ததற்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று குறுகலாகப் பிணைத்தால் முதுகை வளைத்து அசைக்கும் திறன் அதிகம் குறையாது. ஆனால் முள்ளெலும்பு மிக மோசமாகச் சிதறியிருந்தால், முன்புறத்தில் தாங்க எலும்பில்லாமல் சுமை முழுதும் திருகின்மேல் விழுந்து, அது வளையவோ முறியவோ கூடும். எலும்பு எவ்வளவு சிதறியது, துண்டுகள் எவ்வளவு விலகின, எவ்வளவு கூனை நிமிர்த்த வேண்டும் என்று கணக்கிட்டு இதை முன்கூட்டியே கணிக்கும் முறை 1994 முதல் இருக்கிறது. சிதைவு அதிகமானால் முறிந்த முள்ளெலும்பிலேயே கூடுதலாகத் திருகு வைப்பார்கள், அல்லது மேலும் கீழும் இரண்டிரண்டாக நீட்டுவார்கள், அரிதாக முன்புறத்திலிருந்து கூண்டு ஒன்றை வைத்து முட்டுக்கொடுப்பார்கள். உங்கள் மருத்துவர் எதைத் தேர்ந்தாலும் ஏன் என்று கேட்டால் விளக்குவார். விளக்க நேரமில்லை என்றால், நேரம் கிடைக்கும்போது திரும்பக் கேளுங்கள்.

உலோகத்தை எடுப்பது எலும்புகளை ஒட்டவைக்கிறார்களா என்பதைப் பொறுத்தது. வேறு எலும்புத்தூள் வைத்து நிரந்தரமாக ஒட்டவைத்தால் எடுக்கத் தேவையில்லை. ஒட்டவைக்காமல் தற்காலிகத் தாங்கலாக மட்டும் பொருத்தினால், முறிவு கூடியது சி.டி.யில் உறுதியானபின், பெரும்பாலும் ஓராண்டு கழித்து, எடுத்துவிடுவது இளைஞர்களுக்கு நல்லது என்று கருதுபவன் நான். அசையும் மூட்டுகள் திரும்ப அசையட்டும். ஆனால் உங்கள் தம்பிக்கு எலும்பைவிட நார்தான் முதன்மையான சேதம் என்பதால், ஆறாத நாரை நம்பி உலோகத்தை எடுத்தால் கூன் மெல்லத் திரும்பி வரக்கூடும். ஆகவே ஒட்டவைப்பதா என்பதை அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் பேசிக்கொள்ளுங்கள். அறுவை முடிந்து அவர் ஊன்றுகோலுடன் எழுந்ததும் எடுக்கும் முதல் எக்ஸ்ரேயின் நகலைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்தடுத்த படங்களில் கோணம் மாறுகிறதா என்று ஒப்பிட அதுவே அளவுகோல். எந்த மருத்துவமனைக்கு மாறினாலும் அதைக் கையோடு கொண்டுசெல்லுங்கள்.


வார்டு அக்கா (ஜார்ஜ்டவுன்) எழுதியது:

தம்பி புகைபிடிப்பவரா? அப்படியென்றால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். சிகரெட்டிலும் வேப் எனப்படும் மின்சிகரெட்டிலும் உள்ள நிக்கோட்டின் எலும்பு கூடுவதையும் புண் ஆறுவதையும் தாமதப்படுத்தும். அறுவைக்கு முன் இரத்தம் தேவைப்படலாம் என்று சொன்னால், உறவினர்கள் இரத்த வங்கிக்குச் சென்று தானம் செய்துவிட்டு வரலாம். வீட்டில் தரையில் அமரும் கழிவறையாக இருந்தால், அவர் வீடு திரும்புவதற்கு முன்பே அதன்மேல் வைக்கும் நாற்காலி ஒன்றை வாங்கி வையுங்கள்.